சவரக்கத்தியும் முகத்தின் மேடுபள்ளங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடக்குச் சவரக்கத்தியால் கன்னத்தை மழிக்கக் கை பழகிவிட்டது, ஆனால் வாயைச் சுற்றியும் கழுத்திலும் வரும்போது தயங்குகிறது என்பவர்களுக்காக இந்தப் பக்கம். நுரை கட்டுவது, தோல்வாரில் தீட்டுவது போன்ற அரிச்சுவடி தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வெட்டும் விளிம்பைக் கூர் என்றும், எதிரே தடித்திருக்கும் பக்கத்தை முதுகு என்றும், பிடியிலிருந்து தள்ளியிருக்கும் முனையை நுனி என்றும், பிடியை ஒட்டிய பகுதியை அடி என்றும் சொல்கிறேன். கத்தி வலக்கையில் இருக்கிறது என்று கணக்கு. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கன்னம் சுலபமாக வருகிறதே, மற்ற இடங்கள் ஏன் படுத்துகின்றன?

கத்தியின் கூர் ஒரு நேர்கோடு. ஏறத்தாழ 7 செ.மீ. நீளம். கன்னம் அதற்குத் தோதாக அகலமாகவும் சமமாகவும் இருக்கிறது. அடியில் சதை இருப்பதால் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் வாங்கிக்கொள்ளும். முடியும் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்து வளர்ந்திருக்கும்.

முகவாயில் இதெல்லாம் கிடையாது. தோலுக்கு அடியில் நேரே எலும்பு. மேலிருந்து கீழாகவும் வளைவு, இடமிருந்து வலமாகவும் வளைவு. வளைந்த பரப்பில் நேர்கோட்டை வைத்தால் ஒரு புள்ளிதான் தொடும். கையின் பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது, வெட்டும் அங்கேதான் விழுகிறது. கழுத்தில் வேறு தொல்லை: தாங்கிப் பிடிக்க எலும்பு இல்லாததால் தோல் தொளதொளவென்று கத்தியோடு சேர்ந்தே ஓடும். மேலுதட்டில் கத்தியை வைக்க இடமே இல்லை.

முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கத்தி பிடிக்காத கையால் தோலை இழுத்து அந்த இடத்தைச் சமமாக்குவது. வளைவுக்கு ஏற்றபடி கத்தியை வளைத்து ஓட்டப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் வெட்டிக்கொள்கிறார்கள்.

இழுப்பது என்றால் எப்படி? விரல் வழுக்குகிறதே.

கத்தி போகும் திசைக்கு எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். கத்தி கீழே இறங்குகிறதா, விரல் மேலே இழுக்கட்டும். விரல் கத்திக்குப் பின்னால் இரண்டு மூன்று செ.மீ. தள்ளி இருந்தால் பிடிப்பு நன்றாகக் கிடைக்கும். கத்திக்கு முன்னால், அது வந்து சேரும் பாதையில், விரலை வைக்கவே கூடாது.

விரல் வழுக்குவதற்குக் காரணம் நுரை. இழுக்கப்போகும் இடத்தில் நுரை போடாதீர்கள், பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு உலர்ந்த துணி எப்போதும் இருக்கட்டும். ஈரம் பட்ட படிகாரக் கட்டியில் விரல் நுனிகளைத் தேய்த்து, சற்று உலரவிட்டுப் பிடித்தால் தோல் நழுவாது. மழித்து முடிந்த பிறகு தடவத்தான் படிகாரம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். எனக்கு அதன் பெரிய உபயோகம் மழிக்கும்போதுதான்.

வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம். சுருக்கம் போய்ப் பரப்பு சமமானால் போதும். அளவுக்கு மீறி இழுப்பதால் கழுத்தில் வரும் கெடுதலைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கோணத்தில் பிடிப்பது?

கன்னத்தில் 30 டிகிரி என்பது பொது விதி. கண்ணாடி முன் நின்று டிகிரி பார்க்க முடியாது என்பதால், முதுகின் தடிமனை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு முதுகுத் தடிமன் இடைவெளி இருந்தால் அது சுமார் 30 டிகிரி. முகவாய், தாடை ஓரம், உதட்டோரம் ஆகிய இடங்களில் அதை ஒரு முதுகுத் தடிமனுக்குக் குறைத்துவிடுங்கள், ஏறத்தாழ 15 டிகிரி. கோணம் கூடினால் கூர் தோலைச் சுரண்டும், கொஞ்சம் தவறினால் இறங்கும். மிகவும் படுக்க வைத்தால் முடி வெட்டுப்படாமல் இழுபடும்.

வளைவில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் கையை அசைக்காமலே கோணம் மாறிவிடும். முகம் வளைய வளைய, அதே நிலையில் இருக்கும் கத்திக்கும் தோலுக்கும் நடுவே உள்ள கோணம் மாறிக்கொண்டே வரும். அதனால்தான் வளைவுகளில் வீச்சு ஒரு செ.மீ.க்கு மேல் போக வேண்டாம் என்கிறேன். குட்டி வீச்சு, எடு, கோணத்தைச் சரிசெய், மறுபடி வை.

கூரின் நீளவாக்கில் மட்டும் கத்தியை நகர்த்தாதீர்கள். அப்படி நகர்த்துவது மழிப்பது ஆகாது, அறுப்பது. தோலில் கூர் பட்டிருக்கும்போது பக்கவாட்டில் ஒரு துளி நகர்ந்தால்கூட நேர்க்கோடாக ஒரு வெட்டு வரும்.

மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் எப்படி?

எல்லோரும் பயப்படும் இடம் இது. பயப்படத் தகுந்த இடம்தான், ஆனால் முகவாயைவிடச் சுலபம். அடியில் பல்வரிசை இருப்பதால் நல்ல தாங்கல் கிடைக்கிறது.

முதல் சுற்று மேலிருந்து கீழ். மேலுதட்டைப் பற்கள் மேல் இறுக்கி இறக்குங்கள். இடக்கைக் கட்டைவிரலாலோ சுட்டுவிரலாலோ மூக்கு நுனியை மேலே தூக்குங்கள். இப்போது மூக்குத் துவாரத்துக்கும் உதட்டுக்கும் இடையில் கத்தி வைக்கக் கொஞ்சம் இடம் பிறந்திருக்கும். கூரின் முழு நீளத்தையும் பயன்படுத்தாதீர்கள். நுனிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு போதும். துவாரத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, அரை செ.மீ., அரை செ.மீ. ஆக இறக்குங்கள். உதட்டின் சிவப்பு தொடங்கும் கோட்டுக்கு முன்பே கத்தியை எடுத்துவிட வேண்டும். அந்தக் கோடு லேசாகப் புடைத்திருக்கும். கோணம் கூடுதலாக இருந்தால் கத்தி அதில்தான் மாட்டும்.

நடுவில் இருக்கும் பள்ளம் கீழ்நோக்கிய வீச்சில் முழுதாக வராது. மூக்கு நுனியை இடப்பக்கம் தள்ளுங்கள். பள்ளத்தின் வலக்கரை விரிந்து சமமாகும். கத்தியைச் செங்குத்தாகத் திருப்பி, கன்னத்திலிருந்து நடுவை நோக்கிக் குறுக்காக மழியுங்கள். பிறகு மூக்கை வலப்பக்கம் தள்ளி மறுகரை. இந்தக் குறுக்குச் சுற்றில் நுனி மேலே பார்த்து இருக்கும், நேர் மேலே மூக்குத் துவாரம். நுனி எங்கே நிற்கிறது என்பதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

மேலுதட்டில் எதிர் ஷேவிங், அதாவது முடி வளரும் திசைக்கு எதிராக மழிப்பது, பெரும்பாலோருக்குத் தேவையில்லை. இறங்கு வீச்சும் குறுக்கு வீச்சும் சேர்ந்தாலே பார்வைக்கு மழமழவென்று இருக்கும். செய்துதான் தீருவேன் என்றால், கத்தி கைக்கு நன்றாக வசப்பட்ட பிறகு, உதட்டைக் கீழே இறுக்கி, கத்தியை நன்றாகப் படுக்கவைத்து, 3 அல்லது 4 மி.மீ. வீச்சுகளாக.

தும்மல் வருகிற மாதிரி இருந்தால் முதலில் கத்தி முகத்தை விட்டு விலகட்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் மூக்கைத் தூக்கிப் பிடித்து நுரை ஏறினால் தும்மல் வரத்தான் செய்யும்.

மீசை வைத்திருக்கிறேன். ஓரத்தை நேராக்க மட்டும்தான் கத்தி.

நுரையை மீசை ஓரத்தில் மெல்லிசாகப் போடுங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது. முதலில் கத்திரியால் மீசையை ஒழுங்குபடுத்திவிட்டு, கத்தியைக் கோட்டின் மேல் வைத்து, மீசையிலிருந்து விலகிப்போகும் திசையில் ஒரே ஒரு குட்டி வீச்சு. இரு பக்கமும் மாறிமாறிச் சரிசெய்துகொண்டே போனால் மீசை தேய்ந்து காணாமல் போகும்.

உதட்டோரத்தில் எப்போதும் நான்கு முடி தப்பிவிடுகிறது.

கடைவாயில் தோல் மடிந்து நிற்கும், முடி அந்த மடிப்புக்குள் இருக்கும். வாயைப் பாதி திறந்து, கீழ்த்தாடையை இறக்குங்கள். இடக்கை விரலைக் கன்னத்தில் வைத்து ஓரத்தைக் காதுப் பக்கமாக இழுத்தால் மடிப்பு விரியும். கத்தி உதட்டை நோக்கிப் போக வேண்டாம். உதட்டருகே தொடங்கி விலகிப் போகட்டும், அதாவது கீழ்நோக்கியோ கன்னத்தை நோக்கியோ. கன்னத்தை நோக்கி என்றால் இழுக்கும் விரல் கத்தியின் பாதையில் வந்துவிடும், அதனால் விரலை மேலே கன்ன எலும்புப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

கன்னத்தைக் காற்றால் உப்பிக்கொள்வது பழைய யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காற்று நிரம்பிய கன்னம் கத்திக்கு அடியில் துள்ளும். நாக்கால் உள்ளிருந்து மெல்ல முட்டுக்கொடுப்பது அதைவிட மேல்.

கீழுதட்டுக்கு அடியில் இருக்கும் குழி?

கீழுதட்டை உள்ளே மடக்கிக் கீழ்ப்பற்கள் மேல் சுருட்டிக்கொள்ளுங்கள். முகவாய்த் தோலை விரலால் கீழே இழுங்கள். குழி பாதிக்குமேல் மறைந்துவிடும். மிச்சத்தில் கத்தி நுனியை மட்டும் பயன்படுத்தி, ஓரங்களிலிருந்து நடுவுக்கு. இங்கே முடி பலருக்குப் பக்கவாட்டில் படுத்திருக்கும், ஆகவே நேர் கீழே இழுத்தால் பிசிறு நிற்கும். குழிக்குள் கத்தியின் நடுப்பகுதியை நுழைக்கப் பார்த்தால் குழியின் இரு கரையும் வெட்டுப்படும், குழியில் இருக்கும் முடி மட்டும் அப்படியே இருக்கும்.

முகவாய்தான் எனக்குப் பெரிய பிரச்சினை. முடி இழுக்கிறது, கத்தி தடுக்குகிறது.

முகத்தில் முடி தடிப்பாகவும் அடர்த்தியாகவும் இருக்கும் இடம் இது. அதனால் ஊறும் நேரம் வேண்டும். நனைந்து ஊறிய முடியை வெட்ட, உலர்ந்த முடிக்கு ஆகும் விசையில் ஒரு பகுதியே போதும். அதற்கு வெதுவெதுப்பான நீரும் இரண்டு மூன்று நிமிடமும் தேவை. நுரையை முகவாயில் முதலில் போடுங்கள், அதைக் கடைசியில் மழியுங்கள். கன்னமும் கழுத்தும் முடிவதற்குள் அது தானாக ஊறியிருக்கும். இடையில் நுரை காய்ந்தால் ஈரப் பிரஷை ஒருமுறை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து, முகவாயை ஒரே இடமாக நினைக்காதீர்கள். முன்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம், அடிப்பக்கம் என்று நாலு துண்டு. வலப்பக்கத் துண்டுக்கு, முகவாய்த் தோலை இடக்கையால் இடப்பக்கமாக இழுங்கள். வலப்பக்கச் சரிவில் இருந்த தோல் முன்பக்கச் சமதளத்துக்கு வந்துவிடும். வந்ததை மழியுங்கள், விடுங்கள், அது தன் இடத்துக்குத் திரும்பிப் போகும். அடிப்பக்கத்துக்கும் இதே உத்திதான். முகவாய்த் தோலைப் பற்றி மேலே ஏற்றினால், கண்ணாடியில் தெரியாத அடிப்பக்க முடி முன்னால் வந்து நிற்கும். எலும்பு நகராது, தோல் ஒரு செ.மீ.க்கு மேலேயே நகரும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் முகவாய், தாடை, குரல்வளை மூன்றும் கைக்கு அடங்கிவிடும்.

முன்பக்கத்திலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு போகும் ஆசையை விடுங்கள். விளிம்பு வரை வந்து கத்தியை எடுங்கள். தலையை நிமிர்த்தி, தோலை மறுபடி இழுத்துக்கொண்டு அடியில் புதிதாகத் தொடங்குங்கள்.

முகவாயில் குழி உள்ளவர்கள் இரண்டு விரலால் அதை விரித்து நுனியால் மெல்லத் தொடலாம். வராவிட்டால் இரண்டு முடி நிற்கட்டும், யாரும் பார்க்கப் போவதில்லை.

தாடை எலும்பின் ஓரத்தில் கீறல் விழுகிறது.

எலும்பின் மேலேயே கத்தி ஏறி இறங்குவதால் வருவது. காதுக்கு முன்னால் நான்கு விரலையும் பதித்துத் தோலை மேலே ஏற்றுங்கள். தாடைக்குக் கீழே இருந்த பட்டை கன்னத்துக்கு ஏறி வரும். அதைக் கன்னத்தை மழிப்பதுபோலவே மழிக்கலாம். காது மடலுக்குக் கீழே தாடை திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. முகத்தை மறுபக்கம் திருப்பி, தோலைக் காதுக்குப் பின்னால் இழுத்தால் அது சமமாகிவிடும்.

குரல்வளை மேட்டில் பயமாக இருக்கிறது.

மேட்டின் மேல் மழிக்க வேண்டியதே இல்லை. மேட்டின் மேலிருக்கும் தோலை விரலால் பிடித்து இரண்டு செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். அந்தத் தோல் இப்போது கழுத்தின் பக்கத் தசைமேல், சமமான இடத்தில் இருக்கும். அங்கே மழியுங்கள். பிறகு மறுபக்கம் நகர்த்தி மிச்சத்தை முடியுங்கள்.

எச்சில் விழுங்கி அப்படியே நிறுத்தினால் மேடு மேலேறித் தோல் இறுகும் என்பதும் உண்மை. ஆனால் அது ஓரிரு விநாடிதான் நிற்கும். விழுங்குவது முதலில், கத்தி வைப்பது பிறகு. கத்தி தோலில் இருக்கும்போது விழுங்கினால் மேடு கத்திக்கு அடியில் ஓடும். தலையை முழுதாகப் பின்னால் சாய்ப்பதும் வேண்டாம், மேடு இன்னும் துருத்தும்.

கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்றே புரியவில்லை.

பலருக்குக் கழுத்தில் சுழி இருக்கும். தாடைக்குக் கீழே கீழ்நோக்கி, சட்டைக் காலர் படும் இடத்தில் மேல்நோக்கி, பக்கங்களில் கிடைமட்டமாக. வலப்பக்கம் இருப்பதுபோல இடப்பக்கம் இருக்காது.

இரண்டு நாள் மழிக்காமல் விடுங்கள். தாடி முடி நாளுக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. வளரும், இரண்டு நாளில் விரலுக்குத் தெரியும் அளவு வந்துவிடும். விரல் நுனியால் நாலு திசையிலும் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் எதிர்த்திசை, வழுக்கிக்கொண்டு போனால் அதுதான் முடியின் போக்கு. ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். நுரை போட்ட பிறகு எதுவும் நினைவில் நிற்காது.

சுழியின் மையத்தைச் சுற்றிக் கத்தியால் வட்டம் போட வேண்டாம். மேலிருந்து ஒரு குட்டி வீச்சு, கீழிருந்து ஒன்று, பக்கங்களிலிருந்து ஒவ்வொன்று. மையத்தில் கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சும். முகத்திலேயே நான் மழமழப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லும் இடம் இதுதான்.

மழித்த இரண்டாம் நாள் கழுத்தில் சிவப்பாகப் பொரிப்பொரியாக வருகிறது. கத்தி சுத்தமில்லையா?

கத்தி சுத்தமாக இருந்தாலும் வரும். முடி உள்நோக்கி வளர்வதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டு வழியில் நடக்கிறது. சுருள் முடி வெளியே வந்து, வளைந்து, பக்கத்துத் தோலிலேயே குத்தி நுழைகிறது. அல்லது, தோலை மிகவும் இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் வெட்டும்போது முடி தோல்மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. வளரத் தொடங்கும்போது வெளிவாசல் தெரியாமல் பக்கச்சுவரைக் குத்துகிறது. இரண்டிலும் உடம்பு அந்த முடியை அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டைபோடுகிறது, அதுதான் சிவப்பும் வீக்கமும்.

ஆகவே கழுத்தில் இழுப்பைக் குறையுங்கள், எதிர் ஷேவிங்கை நிறுத்துங்கள், முடியின் போக்கிலேயே ஒரு சுற்றோடு முடியுங்கள். பொரியைக் கிள்ள வேண்டாம். அடங்கும்வரை அந்த இடத்தில் கத்தியே வேண்டாம், முடி வெட்டும் மெஷினால் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். சீழ் வைத்தாலோ தழும்பு தடித்துக்கொண்டு வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிருதா இரண்டும் ஒரே மட்டத்தில் வருவதில்லை.

காதை அளவாக வைத்தால் வராது, பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தலையை நேராக வைத்து, இரண்டு சுட்டுவிரலையும் இரு பக்கக் கிருதாவின் அடியில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். விரல்கள் ஒரே கோட்டில் தெரிகிறதா என்பதே கணக்கு. கத்தியைக் கோட்டில் வைத்துக் கீழ்நோக்கி ஒரு வீச்சு. காதை இடக்கையால் பின்னால் மடக்கிக்கொள்ளுங்கள், கத்தி நுனி காதுப் பக்கம் பார்க்கும்போது கட்டாயமாக.

முகத்தின் இடப்பக்கத்தை இடக்கையால்தான் மழிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் பழகுங்கள் என்றுதான் சொல்வேன். வலக்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனால் கையே கண்ணாடியை மறைக்கும், கத்தி நுனி உங்களுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். கன்னத்தில் அது பரவாயில்லை, கடைவாயிலும் காதருகிலும் ஆபத்து. இடக்கைக்கு முதலில் இடக் கன்னத்தின் நடுப்பகுதியை மட்டும் கொடுங்கள். சில வாரம் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மேலுதட்டையும் முகவாயையும் எப்போதும் வலக்கையே பார்த்துக்கொள்ளட்டும். அந்த இடங்களில் தோலை இழுக்கத்தான் இடக்கை தேவைப்படுகிறது.

மச்சம், பரு, தழும்பு?

துருத்திய மச்சத்தின் மேல் கத்தி போகக் கூடாது. அதற்கு முன்னால் நிறுத்தி, அந்தப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். நுரை அதை மறைத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் விரலால் நுரையைத் துடைத்துவிடுவது நல்லது. தானாக ரத்தம் கசியும், நிறமோ வடிவமோ மாறும் மச்சம் என்றால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பருவைச் சுற்றி மழிக்கலாம், மேலே வேண்டாம். பரு கொத்தாக இருந்தால் ஆறும்வரை கத்தியை மடக்கி வைப்பதே சரி. சின்னச் சின்ன மரு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது வைரஸால் வருவது, கத்தி அதைக் கீறி முகம் முழுக்கப் பரப்பிவிடும். பழைய தழும்பில் முடி தாறுமாறாக வளர்ந்திருக்கும், தோலும் நெகிழாது. கோணத்தைக் குறைத்து மெதுவாகப் போனால் போதும்.

இந்த இடங்களுக்கு எந்த மாதிரிக் கத்தி நல்லது?

நுனி உருண்டையாக இருக்கட்டும். சதுர நுனி மீசைக் கோட்டுக்கும் கிருதாவுக்கும் அருமை, ஆனால் அந்த முனை மூக்கு, காது, உதடு எல்லாவற்றையும் குத்தத் தயாராக இருக்கும். அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளில் சொல்வது வழக்கம். 5/8, அதாவது சுமார் 16 மி.மீ., பெரும்பாலோருக்குத் தோது. 4/8 மூக்கின் கீழ் இன்னும் சுலபம். 7/8, 8/8 கன்னத்தில் சுகமாக இருக்கும், மேலுதட்டில் முதுகு மூக்கை இடிக்கும்.

இரு பக்கமும் ஆழமாகக் குடையப்பட்ட மெல்லிய கத்தி முடியை வெட்டும் ஓசையைத் தெளிவாகச் சொல்லும். அந்தச் சரசரப்பு மாறினால் கோணம் தவறுகிறது என்று காதே சொல்லிவிடும். ஆனால் முரட்டு முகவாயில் அது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அரைக்குடைவுக் கத்தி அங்கே உறுதியாக நிற்கும்.

பிளேடு மாற்றும் கத்தி பழகச் சுலபம் என்று நினைக்க வேண்டாம். எடை குறைவு, பிளேடின் மூலை கூர்மை, பிழையை மன்னிக்காது. தீட்டும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

கன்னத்தில் நன்றாக வெட்டுகிற கத்தி மேலுதட்டில் மட்டும் இழுக்கிறது. ஏன்?

நுனி மழுங்கியிருக்கிறது. பலர் கவனிக்காத காரணம் இது. தோல்வார் கூரின் நீளத்தைவிட அகலம் குறைவாக இருந்தால், நேராக இழுக்கும்போது கூரின் ஒரு பகுதிதான் வாரில் படும். அடிப்பகுதி ஒவ்வொரு முறையும் தீட்டப்படும், நுனி விட்டுப்போகும். ஆனால் சிக்கலான இடங்களில் எல்லாம் நீங்கள் நம்புவது அந்த நுனியைத்தான். வாரின் நீளம் முடியும்போது கூர் முழுவதும் பட்டிருக்கும்படி சற்றுச் சாய்வாக இழுத்துக்கொண்டு போங்கள். முதுகு முன்னே போகட்டும், கூர் பின்னே வரட்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்டுங்கள், கூரின்மேல் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. மழிக்கும் முன் 30 முதல் 60 இழுப்பு.

அப்படியும் முகவாயில் இழுத்தால் சாணைக்கல்லுக்கு நேரம் வந்துவிட்டது. கூர் மங்குவதை முதலில் காட்டிக்கொடுப்பது முகவாய்தான். மழுங்கிய கத்தியை அழுத்தி ஓட்டுவதால்தான் மோசமான வெட்டுகள் வருகின்றன.

வெட்டுப்பட்டால்?

கத்தியைக் கீழே வையுங்கள், முதலில் அது. குளிர்ந்த நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஐந்து முதல் பத்து நிமிடம். சின்னக் கீறலுக்குப் படிகாரம் போதும், எரியும். முகத்தில் ரத்தநாளங்கள் அதிகம், அதனால் காயத்தின் அளவைவிட ரத்தம் அதிகமாகத் தெரியும். பயப்பட வேண்டாம்.

வாய் பிளந்து நிற்கும் வெட்டு, கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காத ரத்தம், உதட்டின் சிவப்புக் கோட்டைக் குறுக்கே வெட்டிய காயம் ஆகியவற்றுக்கு மருத்துவர் வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்னதாக இருந்தாலும் காட்டுங்கள். அந்தக் கோடு ஒரு மி.மீ. பிசகிச் சேர்ந்தாலும் பிறகு பார்வைக்குத் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் கத்தியைத் தொடுமுன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கத்தியை வீட்டில் இன்னொருவர் பயன்படுத்தலாமா?

கூடாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும்.

கன்னத்தைக் கத்தியால் முடித்துவிட்டு, மேலுதட்டையும் முகவாயையும் சேஃப்டி ரேசரால் முடித்தால் தப்பா?

தப்பே இல்லை. தொடக்கத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. கன்னத்தில் இரண்டு மூன்று வாரம், பிறகு தாடைக்குக் கீழே, பிறகு கழுத்து, அதற்குப் பிறகு மேலுதடு, கடைசியில் முகவாய். ஒரு புது இடம் சேர்க்கிற நாளில் வேறு புது இடம் வேண்டாம், அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளும் வேண்டாம். கத்தி விட்டுப்போன இடத்தில் சேஃப்டி ரேசரை ஓட்டுவதானால் புதிதாக நுரை போட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் வரை எரியும்.